டேபிள் மேப்பிங்ல வரிசையை நம்பாதீங்க, ரோலை நம்புங்க

நீங்க கேட்டதை சுருக்கமா வச்சுக்கறேன்: மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் டூலான பவர் பிஐக்கு சொந்தமா ஒரு விஷுவல் (ரிப்போர்ட்ல டேட்டாவை படமா காட்டுற பகுதி) எழுதுறீங்க, டேட்டா வரி வரியா வர்றதுக்கு டேபிள் மேப்பிங் போட்டிருக்கீங்க, உங்க மெஷின்ல எல்லாம் ஒழுங்கா வருது, ஆனா யூசர் ஃபீல்டை கொஞ்சம் மாத்தி போட்டா பேரு இருக்க வேண்டிய இடத்துல தேதி வந்து உக்காருது, அது போதாதுன்னு டேட்டாவுல 5 வரி இருந்தா விஷுவலுக்கு 4 தான் வருது, தப்பு உங்க கோட்லயா இல்ல பவர் பிஐயிலயான்னு தெரியல. ரெண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன், ஏன்னா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். உங்க விஷுவலுக்கு வர்றது உங்க டேபிள் கிடையாது. யூசர் இழுத்து போட்ட ஃபீல்டுகளை வச்சு பவர் பிஐ ஒரு க்வெரி, அதாவது டேட்டா கிட்ட ஒரு கேள்வி, ஓட்டுது, அந்த க்வெரியோட விடைதான் உங்க கைக்கு வருது. பேருதான் டேபிள்.

முதல்ல எது எங்க இருக்குன்னு பாத்துடலாம். உங்க விஷுவல் என்னென்ன வாங்கும்னு எழுதி வைக்கற கேப்பபிலிட்டீஸ் ஜேசன் ஃபைல்ல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு டேட்டா ரோல்ஸ், அதாவது யூசர் ஃபீல்டை கொண்டு வந்து போடுற பெட்டிகள், பொதுவா பக்கெட்டுனுவோம். இன்னொண்ணு டேட்டா வியூ மேப்பிங்ஸ், அந்த பெட்டிகள்ல விழுந்ததை எந்த உருவத்துல உங்களுக்கு கொடுக்கணும்னு சொல்ற இடம். உருவம்னா சிங்கிள், கேட்டகாரிக்கல், டேபிள், மேட்ரிக்ஸ், ட்ரீ. டேபிள் பாக்கறதுக்கு ரொம்ப எளிசா இருக்கும், ரோஸ் (வரிகள்) பகுதிக்கு கீழ செலக்ட் போட்டு ஒவ்வொரு ரோலையும் எழுதிட்டா போதும், ஒரே ஃபீல்ட் வாங்குற பெட்டிக்கு பைண்ட், பல ஃபீல்ட் வாங்குறதுக்கு ஃபார் இன். எளிசா இருக்கறதாலதான் எல்லாரும் இதுல விழறோம்.

இப்ப உங்க முதல் பிரச்சினை. உங்க கோட் என்ன பண்ணுதுன்னு நீங்க காட்டலைன்னாலும் ஊகிச்சு சொல்றேன், ஒவ்வொரு வரியிலயும் பூஜ்யமாவது செல் பேரு, ஒண்ணாவது தேதி, ரெண்டாவது தொகைன்னு நேரடியா நம்பர் போட்டு எடுத்திருப்பீங்க. நானும் முதல் விஷுவல்ல அப்படித்தான் பண்ணேன், பெரும்பாலான பேரு அப்படித்தான் பண்ணுவாங்க. ஆனா கேப்பபிலிட்டீஸ்ல நீங்க ரோலை எழுதின வரிசையிலதான் ஃபீல்டுகள் வரும்னு யாரும் உங்களுக்கு சத்தியம் பண்ணித் தரல. யூசர் தேதியை முதல்ல போட்டு பேரை அப்புறம் போடலாம், பேரை எடுத்துட்டு வேற ஒண்ணு போடலாம், நடுவுல ஒரு பெட்டியை காலியா விடலாம். காலியா விட்டா அந்த இடத்துக்கு நல் (மதிப்பே இல்லைங்கற குறி) எல்லாம் வராது, அந்த காலமே, அதாவது அந்த நெடுவரிசையே, இருக்காது, பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு படி முன்னாடி நகர்ந்துடும்.

சரியான வழி என்னன்னா, டேபிளுக்குள்ள காலம்ஸ்னு ஒரு அரே (வரிசையான பட்டியல்) இருக்கும், ஒவ்வொரு வரியிலயும் உள்ள செல்லுகளும் அந்த அரேயும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தும். அந்த அரேயில உள்ள ஒவ்வொண்ணுக்கும் ரோல்ஸ்னு ஒரு ஆப்ஜெக்ட் இருக்கும், அதுல உங்க ரோல் பேருக்கு நேரா ட்ரூன்னு இருக்கும். அதனால வரிகளை தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த அரேயை சுத்தி வந்து, எந்த ரோல் எந்த இடத்துல இருக்குன்னு ஒரு சின்ன மேப் போட்டுக்கணும். அப்புறம் வரிகள்ல போகும்போது அந்த மேப்பை பாத்து செல்லை எடுங்க. மொத்தமே பத்து லைன் கோட்தான் வரும், இதை தனி ஃபங்ஷனா வச்சு, வெளிய வரும்போது உங்க சொந்த டைப்ல உள்ள ஆப்ஜெக்ட் லிஸ்டா வர்ற மாதிரி பண்ணிட்டீங்கன்னா, படம் வரையற கோட்ல பவர் பிஐ வாசனையே இருக்காது. டெஸ்ட் எழுதவும் வசதி.

இதுல மூணு சின்ன குழி இருக்கு. ஒண்ணு, டேட்டாவோட சேர்ந்து வர்ற விவரமான மெட்டாடேட்டாவுக்குள்ளயும் காலம்ஸ்னு ஒரு அரே இருக்கும், அதுவும் டேபிளுக்குள்ள உள்ளதும் அதே வரிசைதான்னு நம்பி இதுல தேடிட்டு அதுல எடுக்காதீங்க, வரிகளோட பொருந்தறது டேபிளுக்குள்ள உள்ளதுதான். ரெண்டாவது, யூசர் ஒரே ஃபீல்டை ரெண்டு பெட்டியிலயும் போடலாம், தேதியை தொடக்கத்துக்கும் போடுவாரு முடிவுக்கும் போடுவாரு, அப்ப ஒரே காலம் வந்து அதோட ரோல்ஸ்ல ரெண்டு பேருக்கும் ட்ரூ இருக்கலாம். அதனால ஒரு காலத்துக்கு ஒரு ரோல்தான்னு நினைச்சு முதல் பொருத்தம் கிடைச்சதும் வெளிய ஓடி வர்ற கோட் எழுதினா ரெண்டாவது ரோல் அனாதையா நிக்கும். மூணாவது, டிஸ்ப்ளே நேமை, அதாவது திரையில தெரியற பேரை, வச்சு தேடறது. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. அந்த விஷுவலுக்கு மட்டும் ஃபீல்டோட பேரை யூசர் மாத்திக்க முடியும், ரெண்டு தடவை க்ளிக் பண்ணா போதும். நான் ஒரு டேஷ்போர்டுக்கு எழுதின விஷுவல் பல மாசம் ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு ஒரு நாள் காலைல முழுக்க காலி, கடைசியில பாத்தா ஒருத்தர் தலைப்பு அழகா இருக்கணும்னு ஃபீல்ட் பேருல ஒரு ஸ்பேஸ் சேர்த்திருக்காரு, அவ்வளவுதான். அடையாளம் வேணும்னா க்வெரி நேம் (பவர் பிஐ உள்ளுக்குள்ள வச்சிருக்கற பேரு) இருக்கு, அது இந்த மாதிரி பேரு மாத்தறதுக்கு அசையாது. ஆனா ரோல் இருக்கும்போது அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

இப்ப வரி காணாம போற கதை. இதுதான் ஆபத்தானது, ஏன்னா முதல் பிரச்சினை கண்ணுல குத்துற மாதிரி தெரியும், இது தெரியாது.

ஒரு சின்ன டேட்டா எடுத்துக்குங்க. மூணு ஃபீல்ட்: வேலை, டீம், மணி நேரம். வரிகள் அஞ்சு. டிசைன், டீம் ஏ, 4. கோடிங், டீம் பி, 6. டெஸ்டிங், டீம் பி, 3. மறுபடியும் டெஸ்டிங், டீம் பி, 3, ஏன்னா அதே டீம் வேற ஒரு நாள்லயும் அதே வேலையை அதே நேரம் பண்ணியிருக்கு. கடைசியா ரிலீஸ், டீம் ஏ, 1. கூட்டினா 17 மணி நேரம். இந்த மூணு ஃபீல்டையும் உங்க விஷுவல்ல போட்டு, மணி நேரத்துக்கு கூட்டாதேன்னு, அதாவது டோன்ட் சம்மரைஸ் வச்சீங்கன்னா, விஷுவலுக்கு 4 வரிதான் வரும். அந்த ரெண்டு டெஸ்டிங் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, பவர் பிஐ அனுப்புற க்வெரி குரூப் பண்ற க்வெரி, ஒரே மாதிரி இருக்கற ரெண்டு வரியை அது ஒண்ணாத்தான் பாக்கும். இப்ப உங்க கோட் அந்த வரிகளை கூட்டினா 14 வரும். பக்கத்துல இருக்கற, மொத்த எண்ணை மட்டும் காட்டுற சாதாரண கார்டு விஷுவல் 17 காட்டும். மீட்டிங்ல யாராவது கை தூக்குவாங்க.

அதே மணி நேரத்தை சம், அதாவது கூட்டல், ஆக விட்டுட்டீங்கன்னா இன்னொரு விதமா வரும், வரி அதே 4 தான், ஆனா டெஸ்டிங் வரியில 6 இருக்கும், கூட்டினா 17 சரியா வரும். அதாவது ஒரே டேட்டா, ஒரே விஷுவல், ஒரே 4 வரி, யூசர் ஒரு மெனுவுல என்ன தேர்ந்தெடுத்தாருங்கறதை பொறுத்து கூட்டல் 14 ஆ 17 ஆன்னு மாறுது. உங்க கோட்ல ஒரு எழுத்து கூட தப்பில்ல. சந்தேகமா இருந்தா அதே மூணு ஃபீல்டையும் பவர் பிஐயோட சொந்த டேபிள் விஷுவல்ல போட்டு பாருங்க, அதுவும் 4 வரிதான் காட்டும்.

ஒவ்வொரு வரியும் தனித்தனியா வேணும்னா வரியை வரியா பிரிச்சு காட்டுற ஏதோ ஒண்ணு க்வெரிக்குள்ள இருக்கணும். அதனால நான் வரி அளவுல வேலை செய்யற எந்த விஷுவலுக்கும் கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்)னு ஒரு ரோல் வச்சிடுவேன், வரிகளை பிரிச்சு வைக்கற க்ரூப்பிங் வகை, படத்துல எங்கயும் காட்ட மாட்டேன், ஆனா அது இல்லாம படம் வரைய மாட்டேன், ஒரு மெசேஜ் மட்டும் காட்டுவேன். டேட்டாவுல ஐடி இல்லைன்னா டேட்டாவை தயார் பண்ற பவர் க்வெரியில ஒரு இண்டெக்ஸ் (வரிசை எண்) காலம் சேர்க்கறது ஒரு க்ளிக் வேலை, யூசர் கிட்ட அதை செய்ய சொல்லுங்க. கொஞ்சம் முறைப்பாங்க, பரவாயில்ல, தப்பு கூட்டல் வர்றதை விட முறைக்கறது நல்லது.

ரோலோட வகையும் இங்க விளையாடும். க்ரூப்பிங் (அடையாளம்), மெஷர் (அளவு), க்ரூப்பிங் ஆர் மெஷர் (ரெண்டுல எதுவானாலும்)னு மூணு வகை இருக்கு. டேபிள்னு வரும்போது எல்லாரும் மூணாவதை போட்டுடுவாங்க, எது வந்தாலும் வாங்கிக்கலாம்னு. வாங்கிக்கலாம்தான், ஆனா எண் உள்ள ஃபீல்ட் உள்ள வந்த உடனே அது தானா சம் ஆகிடும், வருஷம்னு ஒரு ஃபீல்ட் வெறும் எண்ணா இருந்தா 2023ஐயும் 2024ஐயும் கூட்டி 4047னு கொண்டு வந்து கொடுக்கும். எந்த பெட்டி அடையாளம், எந்த பெட்டி அளவுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா க்ரூப்பிங்கையும் மெஷரையும் பிரிச்சு போடறதுதான் என் கருத்து. அளவு பெட்டியில எழுத்து ஃபீல்ட் விழாம பாத்துக்க ரெக்வயர்ட் டைப்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது கதவை மூடாது, பொருந்தாத மதிப்பெல்லாம் நல்லா மாறி உள்ள வரும், அவ்வளவுதான். நல்லான்னா நல்ல விதமா இல்ல, வெறும் நல்.

நல்னு சொன்னதும் ஞாபகம் வருது. காலியான செல் நல்லாத்தான் வரும், அதை ஜாவாஸ்கிரிப்ட்ல நம்பர் ஃபங்ஷனுக்குள்ள போட்டா பூஜ்யம் வந்துடும். வேலையே நடக்கல, பதிவே இல்லைங்கறதும், பூஜ்ய மணி நேரம் பதிவாகியிருக்குங்கறதும் ஒண்ணாகிடும், சராசரி போட்டா அடிவாங்கும். மேப் பண்ற ஃபங்ஷன்லயே நல்லை நல்லாவே வச்சுக்குங்க, படம் வரையற இடத்துல முடிவு பண்ணிக்கலாம்.

தேதி ஃபீல்ட் போட்டதும் உங்களுக்கு நாலு காலம் வந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க இல்ல, அது ஆட்டோ டேட் ஹையரார்க்கி. யூசர் தேதியை போட்டா பவர் பிஐ வருஷம், காலாண்டு, மாசம், நாள்னு பிரிச்சு கொடுக்குது, ஒவ்வொண்ணும் ஒரு காலம், எல்லாத்துக்கும் அதே ரோல். அந்த பெட்டியோட கீழ்மெனுவுல ஹையரார்க்கியை விட்டுட்டு அந்த தேதி ஃபீல்டையே தேர்ந்தெடுத்தா ஒரே காலமா வரும். ஒரு பெட்டியில ஒரே ஃபீல்ட் மட்டும் விழணும்னா மேப்பிங்ல கண்டிஷன்ஸ்ல அந்த ரோலுக்கு மேக்ஸ் 1னு போடுங்க. இந்த கண்டிஷன்ஸை நிறைய பேரு கண்டுக்கறதே இல்ல, மின் மேக்ஸ் ரெண்டும் கொடுக்கலாம், ஒண்ணுக்கு மேல கண்டிஷன் செட்டும் எழுதலாம், ஏதாவது ஒண்ணு பொருந்தினா போதும்.

அடுத்தது எண்ணிக்கை. டேட்டா ரிடக்‌ஷன் அல்காரிதம்னு, அதாவது வரிகள் அதிகமா இருந்தா எப்படி குறைக்கணும்னு, நீங்க எதுவும் எழுதலைன்னா பவர் பிஐ தானா டாப் வச்சு முதல் 1000 வரியோட நிறுத்திடும். எரர் வராது. உங்க டெஸ்ட் டேட்டா 200 வரி, ப்ரொடக்‌ஷன்ல 8000 வரி, இப்படித்தான் இது மாட்டும். டாப், பாட்டம், சேம்பிள், விண்டோன்னு நாலு விதம் இருக்கு. ஒரே தடவையில 30,000 வரைக்கும் கேட்கலாம். அதுக்கு மேல வேணும்னா விண்டோ போட்டு, மெட்டாடேட்டாவுல செக்மெண்ட்னு ஒண்ணு இருக்கான்னு பாத்து, இருந்தா இன்னும் டேட்டா மிச்சம் இருக்குன்னு அர்த்தம், ஹோஸ்ட்ல (உங்க விஷுவலை ஓட்டுற பவர் பிஐ பக்கம்) ஃபெட்ச் மோர் டேட்டாவை கூப்பிட்டா அடுத்த துண்டு வரும்.

இதுல ஒரு அருமையான குழி இருக்கு. ஃபெட்ச் மோர் டேட்டாவை அப்படியே கூப்பிட்டா, அடுத்த அப்டேட்ல வர்றது புது துண்டு மட்டும் இல்ல, இதுவரைக்கும் வந்த எல்லாமும் சேர்ந்து வரும். நம்ம ஆளுங்க புதுசா வந்ததை பழைய லிஸ்ட்ல சேர்ப்போம்னு ஒட்டிட்டே போவாங்க, முதல் துண்டு ரெண்டு தடவை, மூணு தடவைன்னு பெருகிட்டே போகும், படம் மட்டும் நல்லா கொழுகொழுன்னு இருக்கும். ஒண்ணு, வர்ற முழுசையும் புதுசா மேப் பண்ணுங்க, இல்லைன்னா ஃபெட்ச்சுக்கு ஃபால்ஸ்னு அனுப்பி துண்டு துண்டா வாங்கி நீங்களே சேர்த்துக்குங்க. ரெண்டாவது வழின்னா அப்டேட்டோட வர்ற ஆபரேஷன் கைண்டை (இது புது டேட்டாவா, அடுத்த துண்டான்னு சொல்றது) பாருங்க, க்ரியேட்னு வந்தா பழைய லிஸ்ட்டை தூக்கி போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், ஏன்னா யூசர் ஃபில்டர் மாத்தியிருப்பாரு. சேர்த்து வாங்குற முறையில 100 எம்பி மெமரி எல்லை இருக்கு, மொத்த வரியும் 1,048,576க்கு மேல போகாது. அந்த எல்லையெல்லாம் வர்ற அளவுக்கு வரி கேக்கற விஷுவல்னா எனக்கு வேற சந்தேகம் வரும், அவ்வளவு வரியை திரையில யாரு பாக்க போறா, அதை மாடல்லயே மெஷரா சுருக்கிட்டா ஆகாதா?

அதோட ஒட்டி இன்னொரு கேள்வியை நீங்களே உங்களை கேட்டுக்கணும், உங்களுக்கு டேபிள் மேப்பிங்தான் வேணுமா. பார் சார்ட், பபிள் சார்ட் மாதிரி ஒரு வகைக்கு ஒரு அளவுங்கற படம்னா கேட்டகாரிக்கல் எடுங்க. அதுல ஹைலைட்ஸ் கிடைக்கும், அதாவது பக்கத்து விஷுவல்ல யாராவது ஒரு பாரை க்ளிக் பண்ணா உங்க படத்துல முழு அளவும் மங்கலா, தேர்ந்தெடுத்த பங்கு மட்டும் பளிச்சுன்னு காட்ட முடியும். டேபிள்ல அந்த ஹைலைட்ஸ் அரே கிடையாது, பக்கத்துல க்ளிக் பண்ணா உங்களுக்கு வடிகட்டின வரிகள் வரும், அவ்வளவுதான். குறுக்கு நெடுக்கா, சப்டோட்டலோட வேணும்னா மேட்ரிக்ஸ். வேலை பட்டியல், காலக்கோடு, கார்டு கார்டா ஒரு வரிக்கு ஒரு பொருள் காட்டுறது, இதுக்கெல்லாம் டேபிள்தான் சரி. நீங்க சொல்றதை வச்சு பாத்தா உங்களோடது காலக்கோடு, அதனால டேபிள்லயே இருங்க.

டேபிள்ல வரியை க்ளிக் பண்ணா மத்த விஷுவலை ஃபில்டர் பண்ண வைக்க முடியாதுன்னு சில பேரு சொல்வாங்க, முடியும். செலக்‌ஷன் ஐடி பில்டர்ல வித் டேபிள்னு ஒண்ணு இருக்கு, டேபிளையும் வரி எண்ணையும் கொடுத்தா அந்த வரிக்கு ஐடி கிடைக்கும். ஆனா நீங்க மேப் பண்ணின பிறகு லிஸ்ட்டை உங்க இஷ்டத்துக்கு வரிசை மாத்தியிருந்தா, புது வரிசையோட எண்ணை கொடுத்துடாதீங்க, ஒரிஜினல் வரி எண்ணைத்தான் கொடுக்கணும். அதனால ஐடியை மேப் பண்ற அந்த லூப்லயே உருவாக்கி ஆப்ஜெக்ட்லயே வச்சுடுங்க, பின்னாடி தலைவலி இல்ல. வரிசைப்படுத்தற மெனு யூசருக்கு வேணும்னா கேப்பபிலிட்டீஸ்ல சார்ட்டிங் டிஃபால்ட் சேர்த்துடுங்க, அப்ப பவர் பிஐயே வரிசைப்படுத்தி அனுப்பும்.

எண்ணோட வடிவம் பத்தி ஒரு வரி: 25 சதவீதம்னு திரையில தெரியற மதிப்பு உங்களுக்கு 0.25ஆத்தான் வரும், காலத்துல ஃபார்மட்னு ஒரு ஸ்ட்ரிங் இருக்கும், அதை ஃபார்மட்டிங் யூட்டில்ஸ்ல உள்ள வேல்யூ ஃபார்மட்டருக்கு கொடுங்க, நீங்களா நூறால பெருக்காதீங்க.

கூகுளோட ரிப்போர்ட் டூலான லுக்கர் ஸ்டுடியோவுக்கும் இதே விஷுவலை கொண்டு போகணும்னு கடைசியில ஒரு வரி போட்டிருந்தீங்க. அங்க கம்யூனிட்டி விஷுவலைசேஷன்ல (அங்க நாமளே எழுதுற விஷுவல்) டேட்டா வாங்கறதுக்கு ரெண்டு டிரான்ஸ்ஃபார்ம் இருக்கு. டேபிள் டிரான்ஸ்ஃபார்ம் போட்டா தலைப்பு தனியா வரிகள் தனியா வரும், மறுபடியும் இதே இட எண் விளையாட்டுதான். ஆப்ஜெக்ட் டிரான்ஸ்ஃபார்ம் போட்டா ஒவ்வொரு வரியும் உங்க கன்ஃபிக்ல கொடுத்த ஐடி பேருலயே பிரிஞ்சு வரும், ஒவ்வொரு ஐடிக்கு கீழயும் ஒரு அரே, ஏன்னா அங்கயும் ஒரு பெட்டியில பல ஃபீல்ட் விழலாம். பவர் பிஐக்கு நீங்க கையால எழுதப் போற அந்த மேப்பை அவங்க தயாரா கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால உங்க சொந்த ஆப்ஜெக்ட் லிஸ்ட் வரைக்கும் ரெண்டு சின்ன அடாப்டர், அதுக்கப்புறம் படம் வரையற கோட் பொதுன்னு பிரிச்சுக்குங்க.

இப்ப உடனே என்ன பண்ணலாம்னா, விஷுவல் எழுதறதுக்கான கமாண்ட் டூல்ல பிபிஐவிஸ் ஸ்டார்ட் ஓட்டி டெவலப்பர் விஷுவலை திறந்து, மேல இருக்கற ஷோ டேட்டா வியூ பட்டனை அழுத்துங்க. அந்த அஞ்சு வரி டேட்டாவையே போடுங்க. முதல்ல காலம்ஸ்ல எந்த ரோல் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க, ஃபீல்டுகளை எடுத்துட்டு தலைகீழ் வரிசையில மறுபடி போட்டு பாருங்க, ஒரு பெட்டியை காலி பண்ணி பாருங்க, எல்லாத்தையும் எடுத்துட்டு பாருங்க, அப்ப டேபிளே இருக்காது, உங்க கோட் அங்க செத்து விழுதான்னு தெரிஞ்சிடும். அப்புறம் மணி நேரத்தை சம்முக்கும் டோன்ட் சம்மரைஸுக்கும் மாத்தி மாத்தி வச்சு அந்த டெஸ்டிங் வரியில 6 இருக்கா 3 இருக்கான்னு பாருங்க, கடைசியா இண்டெக்ஸை கீ பெட்டியில போட்டு அஞ்சு வரியும் வருதான்னு பாருங்க. அப்பவும் 4 தான் வந்துச்சுன்னா அந்த டேட்டா வியூவை அப்படியே காப்பி பண்ணி போடுங்க, பாக்கறேன்.